யாருக்குப் பயிற்சி தேவை?

(சமூக அறிவியல் துறைகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தலித் மாணவர்கள் விழுப்புரத்தில் கூடிய ஒருநாள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு இன்னும் எனக்கு விளங்கல. நான் ஆய்வாளன் இல்லை. ஒரு பட்டம் வாங்கினேன், வங்கித் தேர்வு எழுதினேன், கிளார்க் ஆனேன். ராத்திரியில் கவிதை எழுதுகிறேன். ‘ஆய்வு மாணவர்களின் பயிற்சித் தேவைகளை மதிப்பிடுதல்’ என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். தலைப்பைப் படித்ததும் எனக்கு எங்கள் கிளையில் வரும் ஒரு படிவம்தான் ஞாபகம் வந்தது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் படிவம் வரும். ஊழியர் பெயர், பணி எண், அவருக்கு என்ன பயிற்சி தேவை. அதை நிரப்புவது ஊழியர் இல்லை, மேலாளர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் என் பெயருக்கு நேரே ‘வாடிக்கையாளரிடம் பேசும் முறை’ என்று எழுதியிருந்தது. என்ன நடந்ததுன்னா, ஒரு பெரியவர் பணம் எடுக்க வந்தார். எங்க பக்கத்து ஊர்க்காரர். என் முகத்தைப் பார்த்துட்டு, “இங்க வேற ஆளு இல்லையா?”ன்னு கேட்டார். “வேற ஆளு இல்லீங்க, பணம் வேணும்னா என் கையிலதான் வாங்கணும்”னு சொன்னேன். அவ்வளவுதான். பயிற்சி எனக்கு வந்தது. கேட்டவருக்கு வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மேலாளருக்கும் வரவில்லை. இரண்டு நாள் பயிற்சி. சாப்பாடு நன்றாக இருந்தது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிடலாம். யாருக்குப் பயிற்சி தேவை என்று முடிவு செய்கிறவன் யார்? அவன் எங்கே நின்றுகொண்டு முடிவு செய்கிறான்? ஆய்வு உலகத்திலும் கேள்வி இதுதான். ஆனால் விவரமாகப் பேச வேண்டியிருக்கிறது.

பயிற்சித் தேவையை மதிப்பிடுவதற்கென்றே நிர்வாகவியலில் ஒரு முறை இருக்கிறது. 1961இல் அமெரிக்காவில் மெக்கீ, தேயர் என்ற இருவர் தொழிற்சாலைப் பயிற்சி பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். மூன்று இடத்தில் பார்க்கச் சொன்னார்கள். முதலில் நிறுவனத்தைப் பார். அடுத்து வேலையைப் பார். கடைசியாக ஆளைப் பார். முதலாளிகளுக்காக எழுதப்பட்ட புத்தகம்தான். ஆனால் அந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் என்ன செய்கின்றன? முதல் இரண்டையும் தாண்டி நேராக மூன்றாவதுக்கு வந்துவிடுகின்றன. நிறுவனத்தில் குறை இல்லை, வேலையில் குறை இல்லை, ஆளில்தான் குறை. ‘ஆள்’ என்ற சொல் நமக்குப் புதுசா என்ன? பண்ணையாள், படியாள், இப்போது ஆய்வாள்.

பிரிட்டனில் 2010இல் ஆய்வாளர் வளர்ச்சிக்கென்று ஒரு சட்டகம் வகுத்தார்கள். 4 பெரும் பிரிவு, 12 உட்பிரிவு, 63 கூறு. அறிவுத் திறன், தன்னை நிர்வகித்துக்கொள்ளுதல், ஆய்வு நெறி, வெளியுலகத்தோடு உறவு என்று போகிறது. அங்கே ஆய்வு மாணவர் தானே உட்கார்ந்து தன்னை மதிப்பிட்டுக்கொண்டு நெறியாளரோடு பேசலாம். எங்க மேலாளர் நிரப்புகிற படிவத்தைவிட அது எவ்வளவோ தேவலாம். ஆனால் அதுவும் ஆளில் தொடங்கி ஆளிலேயே முடிகிறது. நாம் மெக்கீ, தேயர் சொன்ன வரிசையிலேயே போவோம்.

முதலில் நிறுவனம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி கொண்டுவந்து முனைவர் பட்டத்துக்குப் பாடப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2022 நவம்பரில் வந்த விதிப்படி குறைந்தது 12 மதிப்பலகு படிக்க வேண்டும். அதே விதியில் எம்.ஃபில். படிப்பு எடுக்கப்பட்டுவிட்டது. இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை. அப்பன் பேராசிரியர், தாத்தா வக்கீல் என்று இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு எம்.ஃபில். ஒரு வீண் வருஷமாக இருக்கலாம். வீட்டில் முதல் பட்டம் வாங்கிய பிள்ளைக்கு ஆய்வு என்றால் என்ன, அடிக்குறிப்பு எப்படிப் போடுவது, ஒரு புத்தகத்தோடு எப்படிச் சண்டை போடுவது என்று பழக அதுதான் இடம். அந்தப் படியை எடுத்துவிட்டு, ‘இவங்களுக்கு அடிப்படை போதலை’ என்கிறார்கள். படியை எடுத்தவனுக்கு எந்தப் படிவத்திலும் பயிற்சி எழுதுவதில்லை.

நெறியாளர் விஷயத்தைப் பாருங்கள். அதே 2022 விதி, பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. நெறியாளர் ஆவதற்குத் தகுதி என்ன? முனைவர் பட்டம், இத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும். சரி. கட்டுரை எழுதத் தெரிந்தவருக்கு நெறிப்படுத்தத் தெரியும் என்று யார் சொன்னது? சேரியிலிருந்து வந்த பெண் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எப்படிப் பேசணும், எதைப் பேசக்கூடாது, வீட்டு வேலை சொல்லக்கூடாது, இதையெல்லாம் அவருக்கு எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்? மாணவருக்கு 12 மதிப்பலகு கட்டாயம் என்றால், நெறியாளருக்கு இரண்டாவது வேண்டாமா?

அப்புறம் பணம். இது என் துறை, கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். பட்டியல் சாதி ஆய்வு மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கியது. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். கேட்க நல்ல தொகை. ஆனால் மாதாமாதம் பல்கலைக்கழகத்தில் ஒருவர் இணையதளத்தில் பதிய வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். எங்கள் மொழியில் மேக்கர், செக்கர். மேக்கர் போடலைன்னா செக்கர் பார்க்க முடியாது. செக்கர் பார்க்கலைன்னா பணம் நகராது. என் கவுண்டரில் பிள்ளைகள் பாஸ்புக்கோடு வந்து நிற்கிறார்கள். “சார், ஏதாவது வந்திருக்கா?” அச்சடித்துக் கொடுத்தால், வரி வரியாகக் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான பிடித்தம். ஆய்வு முறையியல் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பித்துக் கிடைத்தும், ரயிலுக்குக் காசில்லாமல் போகாத பிள்ளை ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளுக்கு என்ன பயிற்சி தேவை, சொல்லுங்கள். அந்த மேக்கருக்கும் செக்கருக்கும்தான் பயிற்சி தேவை.

2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்திய பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலா இறந்தார். ஏழு மாத உதவித்தொகை தனக்கு வர வேண்டியிருக்கிறது என்பதைத் தன் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். சாகப்போகிற மனுஷன் கணக்கு எழுதி வைக்கிறான். வங்கிக்காரனாக எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடிவதில்லை.

இரண்டாவது, வேலை.

ஆய்வு என்ற வேலை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது? கோபால் குரு 2002இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’யில் ஒரு கட்டுரை எழுதினார். இந்திய சமூக அறிவியலில் கோட்பாட்டுப் பார்ப்பனர்களும் தரவுச் சூத்திரர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னார். ஒருவர் சிந்திப்பார், மற்றவர் தரவு பொறுக்கிக்கொண்டு வருவார். நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற பயிற்சி பெரும்பாலும் பொறுக்குகிற பயிற்சி. வினா நிரல் நிரப்பு, கணினியில் ஏற்று, அட்டவணை போடு. அந்த அட்டவணைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிற இடத்தில் நெறியாளர் உட்கார்ந்துகொள்கிறார். நமக்குக் கோட்பாட்டில் பயிற்சி வேண்டும் என்று எந்தத் தேவை மதிப்பீடும் சொல்வதில்லை.

அடுத்து களப்பணி. என் தங்கை சமூகவியலில் ஆய்வு செய்கிறாள். பாடப் பயிற்சியில் ‘கிராமத்துக்குப் போனால் மக்களோடு நல்லுறவை ஏற்படுத்திக்கொள்ளுங்கள், அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள்’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். யாருக்காக எழுதப்பட்ட வாசகம் இது? எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கத்து ராம்புராவுக்குப் போனார். ஊர்த் தலைவரின் இடத்தில் தங்கினார். ஆந்த்ரே பெத்தெய் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமத்தைப் படித்து 1965இல் புத்தகம் போட்டார். அக்கிரகாரத்தில் தங்கினார். பெரிய புத்தகங்கள்தான், படிக்க வேண்டியவைதான். ஆனால் என் தங்கை எங்கே தங்குவாள்? அந்தக் கேள்விக்கு அந்தப் பாடத்தில் பக்கம் இல்லை.

அவள் போன ஊரில் முதல் கேள்வி, “எந்த ஊரும்மா?” சொன்னாள். அடுத்த கேள்வி, “எந்தத் தெரு?” சொன்னாள். அதோடு திண்ணையில் கிடந்த நாற்காலி உள்ளே போய்விட்டது. தெருவில் நின்றுகொண்டே 42 கேள்வி கேட்டாள். ‘உங்கள் ஊரில் சாதிப் பாகுபாடு உண்டா?’ என்ற கேள்விக்கு வீட்டுக்காரர் மேலே உட்கார்ந்துகொண்டே, “அதெல்லாம் அந்தக் காலம். இப்ப எங்க ஊர்ல யாரும்மா சாதி பாக்குறா?”ன்னு சொன்னார். அவருக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. இவளுக்குப் பிளாஸ்டிக் கப்பில் வந்தது. குடித்ததும் கப்பைத் தூரப் போடச் சொன்னார்கள்.

வினா நிரலில் என்ன பதிவாகும்? ‘இல்லை’ என்பதற்கு எதிரே ஒரு டிக். அப்படி 120 வீட்டில் 120 டிக் போட்டு, சதவீதம் கணக்கிட்டு, சாதி ஒழிந்தது என்று முடிவுரை எழுதலாம். அவள் அப்படி எழுதவில்லை. நாற்காலி உள்ளே போனதையும், கப் வந்ததையும், தான் தெருவில் நின்றதையும் ஒரு பக்கத்தில் எழுதினாள். நெறியாளர் படித்துவிட்டு, “இது உன் சொந்த அனுபவம்மா, டேட்டா இல்லை. எடுத்துடு”ன்னு சொல்லிவிட்டார். தோழர்களே, திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அது அவதானிப்பு. தெருவில் நின்று பார்த்தவளுக்கு அது சொந்த அனுபவம். இந்த வித்தியாசத்தை எந்த முறையியல் புத்தகம் நியாயப்படுத்துகிறது?

இங்கே நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். அனுபவம் இருந்தால் போதும், புள்ளியியல் எல்லாம் அவன் சரக்கு என்று சொல்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கவிஞர்களான நாங்கள்தான் இதை அதிகம் பரப்பினோம். ஒத்துக்கொள்கிறேன். அது தப்பு. ஒரு கணக்கு சொல்றேன். ஓர் ஊரில் 300 குடும்பம். ஊர்த் தெருக்களில் 240, காலனியில் 60. பத்துக்கு ஒன்று என்று 30 குடும்பத்தை எடுத்தால் காலனியிலிருந்து 6 குடும்பம்தான் வரும். ஆறை வைத்துக்கொண்டு காலனியில் நிலமுள்ளவர், இல்லாதவர், படித்தவர், படிக்காதவர் என்று எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. காலனி வெறும் ஒரு புள்ளியாகிவிடும். அதற்குப் பதில் ஊரில் 15, காலனியில் 15 என்று எடுங்கள். அப்போது ஊர்ப்பக்கத்து ஒரு குடும்பம் 16 குடும்பத்துக்கு ஈடு, காலனியின் ஒரு குடும்பம் 4 குடும்பத்துக்கு ஈடு. மொத்த ஊருக்குக் கணக்குச் சொல்லும்போது அந்த எடையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ள வேண்டும். மறந்தால் உங்கள் முடிவு தப்பு, எதிராளி ஒரே நிமிஷத்தில் உடைத்துவிடுவான். இதைத் தெரிந்துகொள்ள மேல்சாதி மூளை தேவையில்லை. வட்டிக் கணக்குப் போடத் தெரிந்தால் போதும். வட்டிக் கணக்கு நம் ஜனங்களுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? கட்டியே அழிந்தவர்கள்.

இன்னொரு பயிற்சி, நிலப் பதிவேடு படிப்பது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892இல் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது அப்படித்தான். அந்த நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்டதற்காகத்தான், 1994 அக்டோபர் 10 அன்று காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். சமூக அறிவியல் ஆய்வு செய்கிற நம்மில் எத்தனை பேருக்கு ‘அ’ பதிவேட்டைப் பிரித்துப் படிக்கத் தெரியும்? சிட்டாவையும் அடங்கலையும் ஒத்துப் பார்த்து, பழைய செட்டில்மெண்ட் கணக்கோடு சேர்த்து, கை மாறிய வருஷத்தைக் கண்டுபிடிக்கத் தெரியும்? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு அரசாணையை எப்படிக் கேட்டு வாங்குவது என்று தெரியும்? கிராம நிர்வாக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற நம் ஆட்களே நாலு பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் சொல்லிக்கொடுப்பார்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் அவர்களை ஆசிரியர் என்று போடமாட்டார்கள். நாம் போடலாம்.

மூன்றாவதாகத்தான் ஆள். ஆம், நமக்கும் குறைகள் உண்டு. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தில் முழிக்கிறோம். கருத்தரங்கில் கேள்வி கேட்டால் வாய் ஒட்டிக்கொள்கிறது. அது வெறும் மொழிப் பிரச்சினை இல்லை. வாயைத் திறந்தால் எந்தத் தெரு என்று தெரிந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்ததுதான். அதை ஆங்கிலப் பயிற்சி வகுப்பு மட்டும் தீர்க்காது. பக்கத்தில் நம்ம ஆள் நாலு பேர் இருந்தால் தீரும்.

பாபாசாகேபின் படிப்பை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். 1913இல் பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் கொலம்பியா போனார். 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிக் கட்டுரை படித்தார். வயசு 25. செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேத்கர் என்று அதுவரை சாதிக்கு இலக்கணம் சொன்னவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் எது குறை என்று காட்டிவிட்டு, அகமணம்தான் சாதியின் உயிர்நிலை என்று தன் கோட்பாட்டைச் சொன்னார். அவரைத் தரவு பொறுக்க யாரும் அனுப்பவில்லை. அந்த மேஜையில் அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. யாரும் உள்ளே தூக்கிக்கொண்டு போகவில்லை.

அடுத்து லண்டன். 1917இல் உதவித்தொகை தீர்ந்து பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. நான்கு வருஷத்துக்குள் வந்து தொடரலாம் என்று அனுமதி இருந்தது. 1920இல் சேமித்த காசோடும் கடனோடும் மறுபடி போனார். 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. வாங்கினார். கெயின்சின் கருத்தையே மறுத்து, எண்களை அடுக்கி வாதாடிய ஆய்வு அது. அதனால்தான் சொல்கிறேன், புள்ளிவிவரம் நமக்கு அந்நியம் இல்லை. அவருக்கு என்ன தேவைப்பட்டது? பணம், நூலகம், சமமாக உட்காருகிற மேஜை, விட்ட இடத்தில் தொடர்கிற உரிமை. நான்குமே நிறுவனம் தர வேண்டியவை. நான்கும் கிடைத்தபோது ஆள் என்ன செய்தார் என்பது உலகத்துக்குத் தெரியும்.

இப்போது இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். பட்டியல் சாதி மாணவர் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய உதவித்தொகைக்கு 2022இல் புது வழிகாட்டுதல் வந்தது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவி கிடையாது என்றது. இந்தியாவில் சாதிகள் என்று தலைப்புக் கொடுத்து 25 வயசுப் பையன் ஒருவன் அந்த வருஷம் விண்ணப்பித்திருந்தால், விண்ணப்பம் குப்பைக்குப் போயிருக்கும்.

ஆகவே என் யோசனை. நம்முடைய தேவைப் படிவத்தை நாமே எழுதுவோம். வாசலில் ஒரு கட்டுத் தாள் வைத்திருக்கிறேன். வங்கித் தாள் இல்லை, கடையில் வாங்கியது. பெயர் எழுத வேண்டாம். மூன்று தலைப்பு. உங்கள் பல்கலைக்கழகம் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? உங்கள் ஆய்வு வேலைக்கு எந்தத் திறமை இல்லாமல் எங்கே மாட்டிக்கொண்டீர்கள்? உங்களால் மற்றவருக்கு எதைச் சொல்லிக்கொடுக்க முடியும்? மூன்றாவதைக் கட்டாயம் எழுதுங்கள். இந்தக் கூடத்தில் புள்ளியியல் தெரிந்தவர் இருக்கிறார், பழைய கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர் இருக்கிறார், தெலுங்கு தெரிந்தவர் இருக்கிறார். தாள்களைத் தொகுத்து அடுத்த இதழில் போடுவோம். முதல் தலைப்பில் வருவதைத் துணைவேந்தர்களுக்கு அனுப்புவோம்.

கடைசியாக ஒரு சொந்த விஷயம். அடுத்த மாதம் என் தங்கைக்கு ஆய்வு ஆலோசனைக் குழு கூடுகிறது. அந்த ஒரு பக்கத்தை வைப்பதா, எடுப்பதா என்று போன வாரம் கேட்டாள். “எடுக்காதே”ன்னு சொன்னேன். அவள் சொன்னாள், “உனக்கு மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துடும்ணே. எனக்கு அவர் கையெழுத்து போட்டாத்தான் பணம்.” எனக்குப் பதில் இல்லை. வீரம் பேசுவது சம்பளக்காரனுக்குச் சுலபம்.

ராத்திரி யோசித்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தைத் தனியாக அவள் தலையில் சுமத்தியது தப்பு. அது முறைப்படி எழுதப்பட்டிருக்கிறதா, தேதி, இடம், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறதா, 120 வீட்டிலும் இதே மாதிரி குறித்து எண்ணிக்கையாகவும் காட்ட முடியுமா, எந்த நூலைச் சான்றாகக் காட்டலாம், இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க அவளுக்கு நாலைந்து பேர் வேண்டும். குழு கேட்கப்போகிற கேள்வியை முன்கூட்டியே கேட்டு அவளை வறுத்தெடுக்க ஆள் வேண்டும். அப்புறம் வைப்பதா, எடுப்பதா என்று அவளே முடிவு செய்யட்டும். அவள் என்ன முடிவெடுத்தாலும் நாம் கூட நிற்க வேண்டும்.

அவள் இங்கேதான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தை அஞ்சு நகல் எடுத்து வந்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், படிக்க முன்வருகிற அஞ்சு பேர் அந்த வேப்பமரத்தடிக்கு வாருங்கள். நாற்காலி போட்டிருக்கிறேன்.

ஜெய்பீம்.